தாழாத குடம்

அந்த மண்குடம் என் பட்டறை மேசைக்கு வந்து சேர்ந்தபோது நான் ஒரு தோணியின் அடிப்பலகையை இழைத்துக்கொண்டிருந்தேன். மழை விட்டு மூன்று நாளாகியும் வெயில் முகம் காட்டாத மாதம். வாவியிலிருந்து கிளம்பிய பனி பட்டறை வாசல் வரைக்கும் வந்து நின்றது. அந்தப் பனிக்குள்ளிருந்து இரண்டு பெண்கள் நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவருக்கு மொட்டைத் தலை, காவி உடை. பின்னால் வந்தவள் ஒரு பயணப் பையைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தாங்கி வந்தாள்.

பை கொண்டு வந்தவள் அதைத் திறந்து, குடத்தை எடுத்து, மரச் சீவல்களுக்கு நடுவே என் மேசையில் வைத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“எடுங்க அதை! வேலை செய்யிற மேசை இது!” என்று கத்தினேன். தமிழில் கத்தினேன். இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. நான் ஏதோ அன்பாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு மல்லுக்கட்ட எனக்குச் சக்தி இல்லை.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மட்டக்களப்புப் பறங்கியன், போர்த்துக்கேயர் வழி வந்தவன். பெயர் ரெஜி. தச்சன், தோணி திருத்துகிறவன். வீட்டில் தமிழ், வேலைக்குச் சிங்களம், எல்லா நேரமும் கோபம். போன வாரம் என் கோபத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு என் தங்கை தொலைபேசியில் கூப்பிட்டு, “என்ன, இவ்வளவு குறைச்சு எழுதியிருக்கிறாய்?” என்று கேட்டாள்.

காவி உடுத்தியவர் பௌத்தத் துறவி. பெண் துறவியைச் சிங்களவர் ‘மாணியோ’ என்று மரியாதையாக அழைப்பார்கள். மற்றவள் சோமா, அவருடைய ஊர்க்காரி, மரக்கறித் தோட்டம் செய்கிறவள். பதுளை மலைப்பக்கத்தில் பஸ் ஏறி, செங்கலடிச் சந்தியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த பாதிரியார் ஒருவர்தான் என் பட்டறைக்கு வழி சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மனிதருக்கு என்னிடம் ஆள் அனுப்புவதே தொழில்.

குடத்துக்குள் ஏழு வயல்களின் நெல், அரச மரத்தடி மண், ஓதிய பருத்தி நூல், ஊர்ப் பெண்கள் கைப்பட எழுதிய பிரார்த்தனைச் சீட்டுகள். வாயைத் தேன்மெழுகால் அடைத்திருந்தார்கள். இதே மாதிரிக் குடம் ஒன்றை மலையூற்றடியில் புதைத்தார்களாம். இன்னொன்று காட்டு மரம் ஒன்றின் வேருக்கடியில். சண்டை பார்த்துக் களைத்த மண்ணும் தண்ணீரும் ஆறட்டும் என்று இப்படி வைக்கிறார்கள். இந்த மூன்றாவது குடம் எங்கள் வாவிக்கு.

“இலங்கையில் வேற தண்ணி இல்லையா?” என்று சிங்களத்தில் கேட்டேன்.

சோமாதான் பதில் சொன்னாள். அவள் மகன் ராணுவத்தில் இருந்தவன். அவன் கடைசிக் கடிதம் இந்த வாவிக்கரை முகாமிலிருந்துதான் வந்ததாம். காலையில் தண்ணீரும் வானமும் ஒன்றாகக் கிடக்கின்றன அம்மா, எது எது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தானாம்.

இன்றைக்குக் குடம், நாளைக்கு?

ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டால் நான் பொய்யன் ஆகிவிடுவேன். போர் முடிந்து ஒன்றோ இரண்டோ வருடம் ஆகியிருந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் அரச மரத்தைக் கண்டாலே கணக்குப் போடுவோம். இன்றைக்கு அடியில் ஒரு புத்தர் சிலை வரும். நாளைக்குச் சுற்றி வேலி வரும். அடுத்த மாதம் எங்கள் மாட்டுக்கு அங்கே மேய்ச்சல் இல்லை. அப்படி நடந்த இடங்கள் உண்டு. நடக்குமோ என்று பயந்துகொண்டே கிடந்த இடங்கள் அதைவிட அதிகம்.

அதனால் மாணியோவிடம் நேரடியாகவே கேட்டேன். “இண்டைக்குக் குடம். நாளைக்கு என்ன கொண்டு வருவீங்க?”

அவர் கோபப்படவில்லை. “அதற்காகத்தான் தண்ணீரில் இடம் கேட்கிறோம்” என்றார். “தண்ணீருக்கு வேலி போட முடியாது. பெயர்ப் பலகை நட முடியாது. வைத்துவிட்டு நாங்கள் போய்விடுவோம். நீங்களும் மறந்துவிடலாம்.”

நான் குடத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். உள்ளே நெல் மெதுவாகச் சரிந்தது. மெழுகை மோந்தேன். எங்கள் தேவாலயத்து மெழுகுதிரியின் அதே வாசம். சரி, போகட்டும் என்றேன். என் கோபம் வேகமாக வரும், அதைவிட வேகமாகக் காலி ஆகும்.

கடல் விட்டுத் தந்த பிள்ளை

இயந்திரப் படகென்றால் அந்த நாளில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். எனக்குச் சத்தமில்லாத ஒரு தோணி வேண்டும். நாவற்குடாவில் பூமணியிடம் இருந்தது. நானே செய்து கொடுத்த தோணி.

பூமணியைப் பற்றிச் சொல்வதென்றால் சுனாமியைச் சொல்லாமல் முடியாது. அதைச் சொல்வதென்றால் என் மேபலையும் சொல்ல வேண்டும். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, மறுநாள் காலை, கடற்கரையில் இருந்த எங்கள் வீட்டையும் என் மனைவி மேபலையும் கடல் ஒன்றாகக் கொண்டுபோனது. நான் டவுனுக்குப் பாண் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கேக் டின் மட்டும் ஒரு தென்னையடியில் மூடி திறக்காமல் கிடந்தது. உள்ளே கேக் துண்டுகூட இருந்தது. அதை ஏன் இன்னும் நினைவில் வைத்திருக்கிறேனோ தெரியாது.

மேபலின் உடல் கிடைக்கவில்லை. ஒரு வாரத்தில் நானே பெட்டி செய்தேன், சிலுவை செய்தேன். தங்கை வீட்டில் இருந்த அவளுடைய கல்யாண உடுப்பை உள்ளே வைத்து அடக்கம் செய்தேன். எனக்கு எதற்கும் ஒரு முடிவு வேண்டும். அரைகுறையாக ஒரு வேலையை விட்டுவிட்டு என்னால் சாப்பிட முடியாது.

அதே காலையில் பூமணியின் புருசனும் போனார். அவருடைய உடல் அன்று பின்னேரமே கிடைத்தது. மகன் கிருபாகரனை மட்டும் பூமணி ஒரு தென்னையில் தள்ளி ஏற்றிக் காப்பாற்றிவிட்டாள். அவனைக் ‘கடல் விட்டுத் தந்த புள்ள’ என்றுதான் சொல்வாள். புருசன் விட்ட தோணியை அவளே எடுத்தாள். நண்டு வலை போட்டு மகனைப் படிப்பித்தாள்.

போர் முடிவதற்கு இரண்டு வருடம் முந்தி, அந்தப் பிள்ளை செங்கலடிக்குச் சைக்கிளில் போனான். தோணிக்குத் தார் வாங்கத்தான் போனான். வரவில்லை. யார் கொண்டுபோனது என்று ஊரில் மூன்று கதை. மூன்றுக்கும் பின்னால் பூமணி நடந்தாள். முகாம், அலுவலகம், சித்தாண்டி முருகனுக்கு நேர்த்தி, ஒன்றையும் விடவில்லை. எல்லா இடத்திலும் அவன் பெயரைக் காணாமல் போனவர் பட்டியலில் எழுதினார்கள். கொஞ்ச நாளில் மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னார்கள்.

நானும் சொன்னேன். மூன்று வருடம் சொன்னேன். “அவன் இல்லை பூமணி. இருந்தா இவ்வளவு நாளைக்கு ஒரு செய்தி வராதா? செய்யிற சடங்கைச் செய்து மனசை ஆத்து.”

அவள் என்னோடு சண்டைக்கு வந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான். “நீங்க கண்ணால கண்டீங்களா அண்ணன்?”

சடங்கு செய்தால் அவனைத் தன் கையாலேயே கொன்றதாகிவிடும் என்று பயந்தாள். மற்றவர்கள் என்ன சொன்னாலும் அந்த ஒன்றை மட்டும் செய்ய மாட்டாள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு மடையன் வேலை செய்தேன்.

வெள்ளைத் துணி

அவளிடம் நான் குடத்தைப் பற்றிச் சொல்லவில்லை. “வாவி பாக்க வந்த ஆக்கள். நடுவுக்குக் கொண்டுபோய்க் காட்டிட்டு வருவம்” என்றேன். உண்மையைச் சொன்னால் நூறு கேள்வி வரும், விடிய ஆரம்பித்தால் மத்தியானம் ஆகும் என்று சோம்பல். பை மூடியிருந்தது. அவளும் கேட்கவில்லை.

தோணி கரையை விட்டது. பனிக்குள் கரை கரைந்து போனது. முதலில் கரைச் சேற்றில் நிற்கும் கண்ணாக்காடு போனது, பிறகு தென்னைகள், பிறகு தேவாலயக் கோபுரம். பூமணியின் துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்டது. எங்கேயோ ஒரு நீர்க்காகம் செட்டை அடித்தது. சோமாவின் பொடியன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். மேலும் கீழும் ஒரே வெள்ளை. நாங்கள் போகிறோமா நிற்கிறோமா என்றுகூடத் தெரியவில்லை. எனக்கு மேபல் ஞாபகம் வந்தது. அவள் பயந்த ஞாபகம் எதுவும் வரவில்லை. வாவியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு புளியங்காய் தின்ற மேபல் வந்தாள்.

நடுவுக்கு வந்ததும் சோமா பையைத் திறந்தாள். குடத்தை மடியில் வைத்து, இடுப்பிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அதன் கழுத்தில் கட்டத் தொடங்கினாள்.

துடுப்புச் சத்தம் நின்றது.

மலைநாட்டுப் பௌத்தர்களுக்கு வெள்ளை என்றால் தூய்மை, விகாரைக்கு உடுத்திப் போகும் நிறம். எங்கள் வாவியில் வெள்ளைத் துணி கட்டிய மண்குடம் தோணியில் ஏறினால் அதற்குள் ஒரு ஆளின் சாம்பல் இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே ஆள் அந்தத் தோணியில் நான்தான். துணியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

“ஆருக்குக் கரைக்கப் போறீங்க?” என்றாள் பூமணி.

“கரைக்கல்ல பூமணி. இது வேற சாமான்.”

“ரெஜி அண்ணன், ஆருக்கு?”

அவள் எழும்பி நின்றாள். தோணி ஆடியது.

“நான் செய்ய மாட்டன் எண்டதால, என்ட புள்ளைக்கு நீங்க களவாச் செய்ய வெளிக்கிட்டீங்களா? என்ட தோணியில ஏத்தி, என்ட கையால வலிக்க வெச்சு? இந்தா, என்னையும் கரைச்சிட்டுப் போங்க!”

“ஐயோ, தேவமாதாவே! அப்பிடி இல்லகா!” என்று கத்தினேன். ஆனால் அவள் நினைத்ததில் என்ன அநியாயம்? மூன்று வருடமாக நான் ஓதிய பாட்டு அதுதானே. பொய் வேறு சொல்லிக் கூட்டி வந்திருக்கிறேன். வெட்கத்தில் என் காது சுட்டது.

மாணியோ என்ன நடக்கிறது என்று கேட்டார். சிங்களத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். தென்னை, சைக்கிள், பட்டியல், என் பொய், வெள்ளைத் துணி, எல்லாம். கேட்டுக்கொண்டிருந்த சோமா அந்தத் துணியை அவிழ்த்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். பிறகு பூமணியைப் பார்த்துப் பேசினாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

“எனக்கு ஒரு பெட்டி வந்தது. மூடி வந்தது. திறக்கக் கூடாது என்று சொன்னார்கள். ஏழாம் நாள் துறவிகளுக்குத் தானம் கொடுத்தேன், மூன்றாம் மாதத் தானம் கொடுத்தேன். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. இந்தக் குடத்தில் சாம்பல் இல்லை. என் மகனும் இல்லை, உன் மகனும் இல்லை. நெல்தான்.”

பூமணி என் பக்கம் திரும்பினாள். “திறக்கவே இல்லையாமா?”

“இல்லையாம்” என்றேன்.

“பாவி மனிசி” என்றாள் பூமணி. குரல் இறங்கியிருந்தது. உட்கார்ந்தாள். “சரி, வெக்கச் சொல்லுங்க. துணி கட்டப்படாது. போட்டுட்டு முகத்தத் திருப்பப்படாது. பாத்துக்கொண்டே வெக்கணும்.”

மூன்று ஓட்டை

மாணியோ ஓதினார். சோமா குனிந்து குடத்தைத் தண்ணீரில் விட்டாள். பார்த்துக்கொண்டே விட்டாள்.

குடம் மிதந்தது.

வாய் அடைத்த குடம், பாதி நெல், பாதி காற்று. மிதக்காமல் என்ன செய்யும்? முந்திய இரண்டையும் மண்ணில் புதைத்தவர்களுக்கு அந்த யோசனை வரவில்லை. தோணி செய்கிற எனக்கும் வரவில்லை, அதுதான் கேவலம். குடம் எங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, தோணியில் மெதுவாக முட்டியது. முதலில் சிரித்தது மாணியோதான். பிறகு எல்லோரும் சிரித்தோம். பூமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம்!

ஆனால் அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. வாய் அடைத்த ஒரு பாத்திரம் கரையில் ஒதுங்கினால் அந்த நாளில் குண்டு என்று ஊரையே காலி பண்ணுவார்கள். நான் இடுப்புப் பையிலிருந்து ஆணியையும் சுத்தியலையும் எடுத்தேன். “மூண்டு ஓட்டை போட்டா தண்ணி ஏறி அடியில போயிரும்” என்றேன்.

பூமணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் புருசனின் உடலை எரித்த அன்று நானும் சுடலைக்குப் போயிருந்தேன். மகன் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றிவர, ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் ஒருவர் கத்தியால் குடத்தைக் கொத்துவார். மூன்று சுற்று, மூன்று ஓட்டை. பிறகு குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். அன்றைக்கு அந்தக் குடத்தைச் சுமந்தவன் கிருபாகரன். மீசைகூட முளைக்கவில்லை. முதுகெல்லாம் நனைந்து நின்றான்.

“ஓட்டை போடப்படாது” என்றாள். “முழுசா இருக்கட்டும்.”

“முழுசா இருந்தா மிதக்கும், மனிசி!”

“கட்டி விட்டா?”

வலையைத் தண்ணீருக்குள் நிறுத்துகிறவளுக்கு அது பெரிய வித்தை இல்லை. தன் நங்கூரக் கல்லை எடுத்தாள். கயிற்றின் மறுமுனையைக் குடத்தின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். கம்பை ஊன்றி ஆழம் பார்த்து, ஒரு முழம் குறைத்துக் கட்டினாள். கல்லை இறக்கினாள். கல் அடியில் போய் உட்கார, குடம் தண்ணீருக்குள் போய் நின்றது. கீழே தாழவும் இல்லை, மேலே வரவும் இல்லை. தோள் வரைக்கும் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

“நிக்குது” என்றாள். “கல்லு என்ட. எனக்குக் கரைக்குப் போனா வேற கல்லுக் கிடைக்கும்.”

பெயர்கள்

மாணியோவிடம் ஒரு கொப்பி இருந்தது. இடப்பக்கத்தில் உயிரோடு இருப்பவர்களின் பெயர், அவர்களுக்கு ஆசி. வலப்பக்கத்தில் இறந்தவர்களின் பெயர், அவர்களுக்குப் புண்ணியம். குடம் வைத்த இடத்தில் இரண்டையும் வாசிப்பது வழக்கமாம். பேனாவைத் திறந்துகொண்டு என்னிடம் பூமணி மகனின் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

“இருப்பவர் பக்கமா, போனவர் பக்கமா? அம்மாவிடம் கேளுங்கள்.”

“வயசு என்னெண்டு கேக்குறா” என்று பூமணியிடம் புளுகினேன். ஒரே காலையில் இரண்டாவது பொய்.

“அவ அதக் கேக்கல்ல” என்றாள் பூமணி. “வயசு கேக்குற மூஞ்சியா இது? ஒழுங்காச் சொல்லுங்க.”

சொன்னேன்.

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “உசிரோட இரிக்கிற ஆக்கள்ட பக்கத்துல எழுதச் சொல்லுங்க” என்றாள். “மாத்திறதெண்டா மறுகா நானே வந்து சொல்லுவன். வேற ஆரும் சொல்லப்படாது.”

மாணியோ எழுதினார். இதைக் கேட்ட சோமா கொப்பியை வாங்கி, வலப்பக்கத்தில் தன் மகனின் பெயரில் விரலை வைத்துக்கொண்டு இருந்தாள். இவளும் மாற்றப் போகிறாள் என்று நினைத்தேன். கடைசியில் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தாள். “அவன் அங்கேயே இருக்கட்டும்” என்றாள். “இன்னொரு தடவை முதலிலிருந்து காத்திருக்க எனக்கு முடியாது.” அதைத் தமிழில் சொன்னேன். பூமணி ஈரக் கையைச் சோமாவின் முழங்காலில் வைத்தாள். பிறகு எடுக்கவே இல்லை.

நான் கேட்காமலே மேபலின் பெயரைக் கொடுத்தேன். வலப்பக்கம். மாணியோ எழுதிவிட்டு, இடப்பக்கத்தைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார். எனக்குத் தெரியாத பெயர்கள். மலையூர்ப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், யாரோ ஒரு மருத்துவிச்சி. பனி கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகிக்கொண்டு வந்தது. தோணியில் நங்கூரம் இல்லை. அது தன்பாட்டில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

“கிருபாகரன்” என்று வாசித்தார்.

எத்தனையோ அலுவலகங்களில் அந்தப் பெயரை வாசித்து நான் கேட்டிருக்கிறேன். நானே பக்கத்தில் நின்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு இடத்திலாவது உயிரோடு இருப்பவர்களுக்கு நடுவில் அதை யாரும் வாசித்ததில்லை. பூமணி நிமிர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது வராத பிள்ளைக்காக யாரோ ஒருவர் பதில் சொல்வதுபோல், சத்தமாக, “இரிக்கான்!” என்றாள்.

சோமா என் கையைத் தட்டி, அவள் என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

மூன்று வருடமாக அவளிடம் அவன் இல்லை, இல்லை என்று அடித்துச் சொன்ன இதே வாயால், சோமாவுக்குச் சிங்களத்தில் சொன்னேன். “இன்னவா. இருக்கிறான் என்கிறாள்.”